வால் எங்கே, தம்பி?

அந்தப் படத்தை ஒரு மாதத்துக்கும் மேலாக என் கைபேசியின் முகப்பில் வைத்திருந்தேன். பிப்ரவரி கடைசி வாரத்தில் கூந்தன்குளத்தின் கிழக்குக் கரையில் நின்று எடுத்தது. சூரியன் எழுந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஆழமில்லாத தண்ணீரில் ஒற்றை நாரை. சாம்பல் கலந்த வெள்ளை உடல், மடித்து வைத்த கறுப்புச் சிறகு, சிவந்த கால், நேரான அலகு, அடியில் கலையாத அதன் பிம்பம். நான்கு ஆண்டுகளாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு குளங்குளமாக அலைந்ததில் அவ்வளவு சுத்தமான படம் எனக்கு வாய்த்ததில்லை.

'வெள்ளை நாரை' என்று பெயர் எழுதினேன். ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரும் பறவை அது. நம் தென்கோடிக் குளங்களில் அதைப் பார்ப்பது அரிது. அன்று இரவே, பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் பதிவு செய்தேன். நண்பர்களுக்கு அனுப்பினேன். பெரிய அளவில் அச்சிட்டுச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரிலும் மாட்டினேன்.

அது வெள்ளை நாரை இல்லை. அதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்குமுன் அந்தக் குளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து தெற்கே மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் கூந்தன்குளம் வரும். திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர். வழியெல்லாம் உடை மரமும் பனையுமாக வறண்ட காடு. இதற்குள் நீர்ப்பறவைக்கு என்ன வேலை என்றுதான் முதல்முறை போகிறவருக்குத் தோன்றும். ஊர் நெருங்கியதும் குளம் திறந்துகொள்கிறது. கூந்தன்குளம், காடன்குளம் என்று இரண்டு குளங்கள். இரண்டும் பாசனத்துக்கு வெட்டியவை. வடகிழக்குப் பருவமழையோடு மணிமுத்தாறு அணையின் தண்ணீரும் கால்வாய் வழியாக வந்து சேர்ந்தால்தான் குளம் நிறையும். 1994-இல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். மொத்தப் பரப்பு 129 ஹெக்டேர்தான். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இது சேர்ந்ததாக 2022-இல் அறிவித்தார்கள். வேடந்தாங்கலுக்கும் அதே ஆண்டில்தான் அறிவிப்பு வந்தது.

பட்டியலில் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே பறவைகளை இந்த ஊர் சேர்த்துக்கொண்டுவிட்டது. மற்ற சரணாலயங்களில் பறவை ஓரிடத்திலும் மனிதர் ஓரிடத்திலும் இருப்பார்கள். இங்கே மஞ்சள் மூக்கு நாரை வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேப்ப மரத்தில் கூடு கட்டுகிறது. புளிய மரத்தின் உச்சியில் கூழைக்கடா குஞ்சு வாயைப் பிளக்கிறது. கீழே துணி உலர்கிறது, கோழி மேய்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படுகிறார்கள். எச்சத்தின் நாற்றம் பங்குனி வெயிலில் தலையைச் சுற்ற வைக்கும். ஊர்க்காரர்கள் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம். தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப் பெண்கள் எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஓர் ஆச்சி தன் வீட்டுத் திண்ணையில் நாரைக் குஞ்சு ஒன்றைச் சாக்கு விரித்து உட்கார வைத்திருந்தார். படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "எடுங்கள் ஐயா, ஆனால் பக்கத்தில் போகாதீர்கள், பயந்தால் தின்றதைக் கக்கிவிடும்" என்றார். பறவைப் படக்காரர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியம் அது. பறவை பயப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கு முதலில் சொல்லித் தந்தவர் அந்த ஆச்சிதான்.

இனி கேமரா. என்னிடம் இருப்பது 400 மில்லிமீட்டர் லென்ஸ். நீர்ப்பறவைக்கு அது போதாது என்பார்கள். கரையில் அசையாமல் உட்காரத் தெரிந்தால் போதும் என்பது என் அனுபவம். காலை ஒன்பது மணிக்குமேல் குளத்தின் மீது கானல் எழும். பிறகு எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் இறகின் ஓரம் கரைந்துதான் பதியும். ஆகவே இருட்டோடு கிளம்பிப் போய் ஒன்பதுக்குள் படத்தை முடித்துக்கொள்வேன். அதன் பிறகு பைனாகுலரும் நோட்டுப் புத்தகமும்தான். வெள்ளைப் பறவையைக் கருந்தண்ணீர்ப் பின்னணியில் எடுக்கும்போது வெளிச்சத்தைக் குறைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இறகின் மடிப்பெல்லாம் வெளுத்து, சுண்ணாம்பு பூசிய பொம்மைபோல ஆகிவிடும். நீர்க்காகத்துக்கு இதற்கு நேர்மாறு.

இதெல்லாம் படம் அழகாக வருவதற்கான வழிகள். பறவையை அடையாளம் காண இவை போதா. அது எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது.

கொக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக நீண்ட காலோடு நின்றால் நமக்கு எல்லாம் கொக்கு. சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றிலிருந்து காலைத் தூக்கும் நொடியில்தான் அந்த மஞ்சள் தெரியும். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பது இதைவிடக் கடினம். அலகின் நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் கூடு கட்டும் காலத்தில் மஞ்சள் அலகு கறுத்துவிடும். பார்க்க வேண்டியது வாயின் கோடு. நடுத்தரக் கொக்குக்கு அது கண்ணுக்குக் கீழே முடிந்துவிடும். பெரிய கொக்குக்குக் கண்ணையும் தாண்டிப் பின்னால் ஓடும். பைனாகுலரில் இதைப் பார்ப்பதற்குள் பறவை தலையைத் திருப்பிவிடும். தெளிவான பக்கவாட்டுப் படம் ஒன்று இருந்தால் வீட்டில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்துவிடலாம். கேமராவின் உண்மையான பயன் இதுதான் என்று நான் நினைக்கத் தொடங்கியது இந்தக் கோட்டைத் தேடிய நாட்களில்தான். அப்படி நினைத்தும் அந்த நாரை விஷயத்தில் தவறினேன்.

பாளையங்கோட்டையில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். நாற்பது ஆண்டுகளாகப் பறவை பார்ப்பவர். கேமரா வைத்துக்கொண்டதில்லை. பழைய பைனாகுலர் ஒன்றும், பென்சிலால் நிறைத்த நோட்டுகளும்தான் அவருடைய சொத்து. சித்திரை தொடக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது படத்தை அவர் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நெடுநேரம் பார்த்தார். நான் பாராட்டை எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

"படம் நன்றாக இருக்கிறது" என்றார். பிறகு கேட்டார்: "வால் எங்கே, தம்பி?"

நிற்கும் நாரைக்கு வால் தெரியாது. மடித்த சிறகின் கறுப்பு இறகுகள் வாலை மூடிக்கொள்ளும். வெள்ளை நாரைக்கு வால் வெள்ளை. நத்தை குத்தி நாரைக்கு வால் கறுப்பு. நின்றிருக்கும்போது இரண்டும் பின்பக்கம் கறுத்தே தெரியும்.

"நத்தை குத்திக்கு அலகு நடுவில் இடைவெளி இருக்குமே அண்ணாச்சி? இதற்கு இல்லையே" என்றேன்.

"பெரியதற்கு இருக்கும். பிறக்கும்போதே இடைவெளியோடா பிறக்கிறது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. நத்தை குத்தியின் அலகைப் பற்றி எத்தனை பேருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன்! மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் தொட்டு நடுவில் பாக்குவெட்டிபோல விலகி நிற்பதை எத்தனை முறை படமெடுத்திருக்கிறேன்! குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வருகிறது என்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. என் படத்தில் இருந்தது அந்த ஆண்டில் பறக்கப் பழகிய இளம்பறவையாக இருக்கலாம். அப்படியானால் சாம்பல் உடலுக்கும் நேரான அலகுக்கும் காரணம் கிடைத்துவிடும். காலின் சிவப்பு? மங்கிய இளஞ்சிவப்புக் காலைக் காலைச் சூரியன் சிவப்பாக்கியிருக்கும். நான் காத்திருந்து பிடித்த அந்தப் பொன்னொளிதான் என்னை ஏமாற்றியிருந்தது.

"இது என்னவென்று நான் சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணாச்சி. "அன்றைக்கு வேறு படம் எடுத்தீர்களா?"

எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பழைய வன்தட்டில் தேடினேன். அந்த நாரையை மட்டும் 63 முறை சொடுக்கியிருந்தேன். நல்லதென்று நான் எடுத்து வைத்தது ஒன்றே ஒன்று. மற்றவற்றை அழிக்க நினைத்து, நேரமில்லாமல் விட்டிருந்தேன். அந்தச் சோம்பலுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

முதலில் சுவரில் மாட்டியிருந்த படத்தின் மூலத்தைத் திறந்தேன். இடது ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கு நின்றது. எனக்கு நினைவே இல்லை. படத்தின் அமைப்பைக் கெடுக்கிறது என்று அதை நான்தான் வெட்டி எறிந்திருக்கிறேன். அந்தக் கொக்கும் நாரையும் ஒரே தூரத்தில், ஒரே ஆழத்தில் நின்றன. கொக்கைவிட நாரை சற்றே உயரம், அவ்வளவுதான். சின்னக் கொக்கு 60 சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும். நத்தை குத்தி 68 சென்டிமீட்டர். வெள்ளை நாரையோ ஒரு மீட்டருக்கும் மேல். கொக்கின் பக்கத்தில் அது நின்றிருந்தால் வேலியோரம் நிற்கும் பனைபோல இருந்திருக்கும். பறவையின் அளவைச் சொல்லும் ஒரே சாட்சியை அழகுக்காக வெட்டியிருந்தேன்.

பிறகு கடைசி ஆறு படங்கள். நாரை எழும்பிப் போகும்போது பதறிச் சொடுக்கியவை. எல்லாமே கலங்கல். சிறகு புகைபோல இழுபட்டிருந்தது, தலை சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. நான்காவது படத்தில் பறவையின் முதுகும் பின்புறமும் என் பக்கம் திரும்பியிருந்தன. வால் விரிந்திருந்தது. மையைத் தொட்டு வைத்ததுபோல அவ்வளவு கறுப்பு.

அன்றே பதிவைத் திருத்தினேன். நண்பர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினேன். சுவரில் இருந்ததை எடுத்துவிட்டு அந்தக் கலங்கல் படத்தை மாட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்கிறார்கள். வால் என்கிறேன்.

அடுத்த பருவத்தில் எனக்கு வேறு வேலையே இல்லை. மார்கழி, தை முழுவதும் நத்தை குத்தியின் பின்னால் திரிந்தேன். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடுகள். தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன். புகைநிறத்தில் பஞ்சுக் குஞ்சுகள். அலகு சிறியது, தடித்தது, நடுவில் ஒரு நூல் நுழையவும் இடமில்லாமல் மூடியது. மாசி பிறந்து அவை கிளையில் நின்று சிறகடிக்கத் தொடங்கியபோதும் அலகு அப்படியேதான் இருந்தது. முந்தைய பருவத்தில் கரையிலிருந்து பார்த்து நான் வெள்ளை நாரை என்று பெயரிட்டது இந்தப் பிள்ளைகளில் ஒன்றைத்தான்.

பெரியவை நத்தை தின்பதையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பாக்குவெட்டி என்று மேலே எழுதினேன். அந்த உவமை வடிவத்துக்குப் பொருந்தும், வேலைக்குப் பொருந்தாது. நத்தையின் ஓட்டை நடு அலகில் வைத்து நசுக்கி உடைக்கும் என்று வெகுகாலம் பலரும் நம்பியிருந்தார்கள். அது பெரும்பாலும் உடைப்பதில்லை. தன் தலையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே நத்தையைப் பிடிக்கிறது. கீழ் அலகின் நுனியை ஓட்டின் வாய்க்குள் நுழைத்து, உள்ளே சதையை ஓட்டோடு கட்டியிருக்கும் தசையை அறுக்கிறது. பிறகு சதை முழுசாக வெளியே வருகிறது. இந்த வேலைக்கு ஏற்ப கீழ் அலகின் நுனி பல பறவைகளுக்கு வலப்பக்கமாகத் திருகியிருக்கும். என் பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். திருகல் இருக்கிறது! முன்பக்கமாக எடுத்த படங்களில் நன்றாகவே தெரிகிறது. ஐந்து ஆண்டுகளாக என் கையில் இருந்த படங்களில் என் கண்ணுக்குப் படாமல் இருந்த ஒன்று. நடு இடைவெளி இருப்பதால் அலகின் நுனி ஓட்டின் மீது கூடுதல் விசையோடு இயங்க முடியலாம் என்கிறார்கள். குளத்தின் மடையோரம் காலியான நத்தை ஓடுகள் குவிந்து கிடக்கும். ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் உடையாமல் முழுசாகவே இருக்கும்.

இப்போது நான் படம் எடுக்கும் விதம் மாறியிருக்கிறது. பறவையை நேராக, பக்கவாட்டாக, முதுகுப்புறமாக, காலோடு, பக்கத்தில் நிற்கும் வேறு பறவையோடு என்று எடுக்கிறேன். எதையும் வெட்டுவதில்லை. கலங்கலை அழிப்பதில்லை. அழகான படத்தின் மீது எனக்கு இன்னும் ஆசை உண்டு. தை மாதக் காலையில் மஞ்சள் மூக்கு நாரையின் வால்பக்கத்து இளஞ்சிவப்பு இறகில் வெயில் விழுவதைப் பார்த்துவிட்டு எடுக்காமல் வர யாரால் முடியும்? ஆனால் அதை எடுத்து முடித்ததும் கேமராவைக் கீழே வைப்பதில்லை. அடையாளத்துக்கான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கதையைத் தவறாகப் படிக்க இடமிருக்கிறது. பறந்தால்தான் வால் தெரியும் என்றால் பறவையைப் பறக்க விட்டுப் பார்க்கலாமே என்று ஒருவருக்குத் தோன்றலாம். தோன்றுவதோடு நிற்பதுமில்லை. கரையில் நின்று கை தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கல் எறிந்தவரைப் பார்த்திருக்கிறேன். சென்ற மாசியில், நல்ல கேமராவும் நல்ல படிப்பும் உள்ள ஒருவர், கூழைக்கடாக் கூட்டம் எழும்பும் காட்சிக்காகத் தண்ணீருக்குள்ளேயே இறங்கிப் போனார். கூப்பிட்டுச் சொன்னேன். திரும்பிப் பார்த்துவிட்டு நடந்துகொண்டே இருந்தார். நான் கண்ட மிக மோசமான செயல்களில் அது ஒன்று. நடுப்பகலில் தாய் நாரை கூட்டின் மீது சிறகை விரித்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? குஞ்சின் உடம்புக்கு அது தரும் நிழல் அது ஒன்றுதான். தாயை எழுப்பினால் வெயில் நேராகக் குஞ்சின் மீது விழும், காகம் முட்டையைத் தேடி வரும், மிரண்ட குஞ்சு கிளை தவறி விழும். பத்தாயிரம் பேர் விரும்பும் படமாக இருந்தாலும் அது எனக்கு வேண்டாம்.

வால் பார்க்க வேறு வழி இருக்கிறது. காத்திருப்பது. நெடுநேரம் நின்ற நாரை ஒரு கட்டத்தில் சோம்பல் முறிக்கும். ஒரு பக்கத்துச் சிறகையும் அதே பக்கத்துக் காலையும் பின்னால் நீட்டும். அந்த இரண்டு நொடியில் வாலின் ஓரம் தெரியும். இறகு கோதும்போது வாலடியில் அலகை நுழைக்கும், அப்போதும் தெரியும். எழும்பப் போகிற பறவை எச்சமிடும், கழுத்தைத் தாழ்த்தும், காற்று வரும் திசைக்கு உடலைத் திருப்பும். இதைக் கவனிக்கத் தெரிந்துவிட்டால் அது தானாகப் பறக்கும் நேரத்துக்குக் கேமராவைத் தயாராக வைத்திருக்கலாம். சில நாட்களில் மூன்று மணி நேரம் ஆகும். சில நாட்களில் கானல் முந்திக்கொள்ளும்.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரிந்து குளங்களுக்குப் போய் எண்ணிப் பதிவு செய்கிறார்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் எல்லாரும் வருகிறார்கள். அந்தத் தாளில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் பின்னால் யாரோ ஒருவருக்கு ஆதாரமாகும். எந்தக் குளத்தில் எந்தப் பறவை குறைந்தது, எங்கே புதிதாகக் கூடு வைத்தது என்று அதை வைத்துத்தான் பேசுவார்கள். என் 'வெள்ளை நாரை' திருத்தப்படாமல் போயிருந்தால், வராத விருந்தாளி ஒருவர் நம் மாவட்டக் கணக்கில் வந்துபோனதாக நிலைத்திருப்பார். அதை நினைத்தால் இப்போதும் மனம் கூசுகிறது.

இந்த ஆண்டு சனவரியில் விஜயநாராயணம் பெரியகுளத்துக்கு அண்ணாச்சியோடு போனேன். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஊசிவால் வாத்துகளும் நாமக்கோழிகளும் கலந்து மிதந்தன. எண்ணி முடிக்கவே பத்து மணி தாண்டிவிட்டது. கிளம்பும் நேரத்தில் எதிர்க்கரையோரம் ஒரு நாரை நிற்பது தெரிந்தது. வெள்ளை உடல், கறுப்புச் சிறகு. உயரமாகத் தோன்றியது. பக்கத்தில் வேறு பறவை எதுவும் இல்லை. கானலில் அதன் கால்கள் நெளிந்து நெளிந்து இல்லாமல் போயின.

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். ஒரு முறை நடந்தது, ஒரு முறை திரும்பியது. பிறகு கருவேல மரங்களின் பின்னால் போய்விட்டது. நான் 20 படம் எடுத்திருந்தேன். கேமராவின் திரையில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி அண்ணாச்சியிடம் காட்டினேன். எதிலும் வால் இல்லை, அலகின் நுனியும் தெளிவில்லை.

அண்ணாச்சி பென்சிலை என்னிடம் நீட்டினார். தாளின் கடைசி வரியில் எழுதினேன்: நாரை, இனம் தெரியவில்லை, 1.